386 கணினியில் ஒரு கோப்பைப் படிக்க மூன்று வாரம்

திருச்சியில் என் தாய்மாமா 1992 முதல் 2001 வரை ஜாப் டைப்பிங் கடை நடத்தினார். கடையை மூடியபோது அதன் ஒரே கணினி சாக்கில் சுற்றப்பட்டுப் பரணுக்கு ஏறியது. கூடவே ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஃப்ளாப்பிகளும் ஏறின. சென்ற மாதம் அவர் தொலைபேசியில் அழைத்து, "மாப்ளே, தாத்தா நிலத்து சர்வே நம்பரெல்லாம் அதுல அடிச்சு வச்சிருந்தேன், எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டார். ஒரு கோப்பைத் திறந்து பார்க்க ஒரு மாலை போதும் என்றே நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம்.

கணினியின் செயலி 25 மெகாஹெர்ட்ஸ் 386எஸ்எக்ஸ். 2 மெகாபைட் நினைவகம், கறுப்பு வெள்ளை விஜிஏ திரை, ஒரு 3.5 அங்குல ஃப்ளாப்பி டிரைவ், கட்டளைகளை அடித்து இயக்கும் எம்எஸ் டாஸ் 5.0 இயங்குதளம். பெட்டியைத் திறந்ததும் எதிர்பார்த்த காட்சிதான்: மதர்போர்டின் மூலையில் இருந்த 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, விசைப்பலகை செருகும் இடம் வரை பச்சைப் பொருக்கு படர்ந்திருந்தது. பேட்டரியின் கால்களை வெட்டி எடுத்தேன். கசிந்தது காரம் என்பதால் காதுக் குச்சியில் வினிகரைத் தொட்டு, நுரை அடங்கும் வரை துடைத்து, பிறகு வடிநீராலும் கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் கழுவி, ஒரு நாள் முழுக்க மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். ஒரே ஒரு செப்புத் தடம் அறுந்திருந்தது. அதற்கு ஒற்றை இழைக் கம்பியால் பாலம் போட்டுப் பற்றவைத்தேன்.

புதிய பேட்டரியை போர்டின் மேலேயே பொருத்தாமல், வெளிப் பேட்டரிக்கென்று இருந்த நான்கு முள் இணைப்பில் மூன்று ஏஏ செல்களை ஒரு டயோடு வழியாக இணைத்தேன். போர்டு அந்த செல்களுக்கு மின்னேற்றம் செய்துவிடாதபடி தடுப்பதற்கே டயோடு. முதல் இரவு கழித்துக் காலையில் போட்டபோது கடிகாரம் மறுபடி 1980-க்குப் போயிருந்தது. உள் பேட்டரிக்கான ஜம்பரை (இரண்டு முள்களை இணைக்கும் சிறு மூடி) இரண்டாம் மூன்றாம் முள்களிலிருந்து நான் கழற்றவே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க இன்னொரு மாலை போயிற்று. கழற்றியபின் இன்று வரை நேரம் தவறவில்லை.

கணினியின் அமைப்புகளைப் பேட்டரியின் துணையால் நினைவில் வைக்கும் சிமாஸ் அழிந்திருந்ததால், வன்தட்டின் அளவுகளை, நாமே நிரப்புவதற்கென்று இருக்கும் வகை 47-இல் கையால் நிரப்ப வேண்டியிருந்தது. தட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் 1001 சிலிண்டர், 15 ஹெட், 17 செக்டர் என்று இருந்தது. பெருக்கினால் 255,255 செக்டர், ஒன்றுக்கு 512 பைட் வீதம் சுமார் 130 மெகாபைட். எண்களைச் சரியாகக் கொடுத்தும் தட்டு சுழலவில்லை. தட்டியும் பார்த்தேன், சூடுபடுத்தியும் பார்த்தேன். அதை அப்படியே எடுத்து வைத்துவிட்டு ஃப்ளாப்பிகளை நம்புவது என்று முடிவு செய்தேன். டப்பாவில் 31 ஃப்ளாப்பிகள் இருந்தன, 22 படித்தன. ஒன்றில் மாமாவின் கையெழுத்தில் "நிலம்" என்று எழுதியிருந்தது. அதன் மூலையிலிருந்த எழுத்துத் தடை நழுவியைத் திறந்துவிட்டேன்; அது திறந்திருந்தால் வட்டில் எதையும் எழுத முடியாது. இந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

வேலை இங்கே தொடங்குகிறது என்று சொல்லலாம். டாஸ் வட்டிலிருந்து கணினியை ஏற்றி, நிலம் ஃப்ளாப்பியைப் போட்டு, 'டைப்' கட்டளையால் கோப்பைத் திரையில் கொட்டினேன். 18,432 பைட் கோப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி முடிந்து, கடைசிப் பக்கம் மட்டும் நின்றது. அதிலும் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கிரேக்க எழுத்தாகவோ கோடாகவோ இருந்தது. சரி, பக்கம் பக்கமாக நிறுத்திப் பார்ப்போம் என்று 'டைப்' கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க் குறி போட்டு 'மோர்' கட்டளைக்கு அனுப்பினேன். உடனே எழுத்துத் தடைப் பிழை வந்தது. படிக்கத்தானே சொன்னேன், எதற்கு எழுதப் பார்க்கிறது என்று சற்று நேரம் விழித்தேன். டாஸில் குழாய் என்பது உண்மையில் ஒரு தற்காலிகக் கோப்பு; முதல் கட்டளை முழுவதும் அதில் எழுதி முடித்த பிறகே இரண்டாவது கட்டளை அதைப் படிக்கத் தொடங்கும். தற்காலிக இடம் எதுவென்று நான் சொல்லி வைக்காததால், அப்போது டிரைவில் இருந்த ஃப்ளாப்பியிலேயே எழுத முனைந்திருக்கிறது. நழுவியைத் திறந்து வைத்திராவிட்டால் அந்த ஒற்றைப் பிரதியின் மேல் அது எழுதியிருக்கும். குழாய்க்குப் பதில் கோப்பை நேராக 'மோர்' கட்டளைக்குள் திருப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் 'மோர்' முன்னே மட்டும்தான் போகும், தவறவிட்ட பக்கத்துக்குத் திரும்ப வழி கிடையாது.

பொறுமை போய், யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றை வாங்கி மடிக்கணினியில் செருகினேன். கோப்பை நகலெடுத்து, நான் தினமும் பயன்படுத்தும் எடிட்டரில் திறந்தேன். சொல்லுக்குச் சொல் கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் தெரிந்தது. வரிகளைச் சீராக்கிவிட்டுப் பழக்க தோஷத்தில் சேமித்தும்விட்டேன். மூடித் திறந்து கோப்பின் அளவைப் பார்த்தால் 23,906 பைட். 5,474 பைட் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் விபரீதம் புரிந்தது. எடிட்டர் அந்தக் கோப்பை இன்றைய பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொண்டு, தனக்குப் புரியாத ஒவ்வொரு பைட்டையும் தூக்கி எறிந்து, அந்த இடத்தில் மூன்று பைட் நீளமுள்ள பதிலிக் குறியை வைத்திருக்கிறது. அதாவது 2,737 எழுத்துகள் திரும்ப வராதபடி போய்விட்டன. மாமாவுக்கு வேண்டியது சர்வே எண். போனது ஒவ்வொரு எண்ணின் கடைசி இலக்கம். நல்லவேளையாக இது நகல்.

பிழைக்கான காரணம் பழைய ஆள்களுக்கு மனப்பாடம். மாமா தட்டச்சு செய்தது வேர்ட்ஸ்டார் என்ற அக்காலச் சொற்செயலியில். அது ஆவண முறையில் சொற்களின் இறுதி எழுத்தில் எட்டாவது பிட்டை ஏற்றி வைத்துக்கொள்ளும், அதாவது எழுத்தின் எண்ணோடு 128 கூட்டிவிடும். 3 என்ற இலக்கத்தின் எண் 51. 128 சேர்ந்தால் 179. டாஸ் திரையில் 179 என்பது ஒரு செங்குத்துக் கோடு. ஆகவே 214/3 என்பது 214-க்குப் பின் ஒரு சாய்கோடும் ஒரு நேர்கோடுமாகத் தெரிந்தது. எழுத்து அழியவில்லை, முக்காடு போட்டிருக்கிறது, அவ்வளவுதான். முக்காட்டை விலக்கிக் காட்டும், ஆனால் கோப்பைத் தொடாத ஒரு கருவி வேண்டும்.

அப்போது நினைவுக்கு வந்ததுதான் 'லிஸ்ட்'. கலிபோர்னியாவின் பெடலூமாவில் வாழ்ந்த வெர்னன் பியூர்க் 1983-இல் எழுதி வெளியிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் மெருகேற்றிவந்த, கோப்புகளைத் திறந்து படிப்பதற்கான ஷேர்வேர் (முதலில் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துப் பிறகு பணம் அனுப்பும் மென்பொருள்) அது. நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. ஒற்றைக் கோப்பு, ஃப்ளாப்பியில் ஒரு மூலையில் கிடக்கும். 1990-களில் டாஸ் கணினியோடு மல்லுக்கட்டிய யாரிடமும் அதன் பிரதி ஒன்று இருந்திருக்கும். என் பழைய சிடி ஒன்றில் 9-ஆம் பதிப்பு இருந்தது. எழுதும் வசதியுள்ள எடிட்டருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று நான் மதித்ததில்லை. எடிட்டரில் தவறான விசை ஒன்றை அழுத்தினால் கோப்பு மாறும். இதில் தவறான விசை எதை அழுத்தினாலும் திரை மட்டும்தான் மாறும்.

மடிக்கணினியிலிருந்து 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியில் எழுதி, 386-இல் போட்டு, லிஸ்ட் என்று அடித்து இடம் விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தேன். டிரைவ் ஒரு முறை கரகரத்தது. முதல் பக்கம் வந்து நின்றது. பேஜ் அப், பேஜ் டவுன், ஹோம், எண்ட் எல்லாம் இன்றைய கை எதிர்பார்ப்பதுபோலவே வேலை செய்தன. 80 எழுத்தைத் தாண்டும் வரிகளை மடித்துக் காட்ட டபிள்யூ. மறுபடி அழுத்தினால் பழையபடி. ஆல்ட்டுடன் எச் அழுத்தினால் இடப்பக்கம் பைட்டுகளின் பதினாறடிமான எண்கள், வலப்பக்கம் அவற்றின் எழுத்துகள். எட்டாவது பிட்டை உதிர்த்துக் காட்ட வேண்டுமானால் 7 என்ற எண் விசை.

அந்த 7 விசைதான் வேலை செய்யவில்லை. பேட்டரிக் கசிவு விசைப்பலகையின் கேபிளை எதுவும் செய்யவில்லை. பலகைக்குள் ஏதோ பூச்சி கூடு கட்டியிருந்தது. மற்றெல்லா விசைகளும் நலம், இது மட்டும் ஊமை. திருகுகளைக் கழற்றி, மெல்லிய ஏட்டைத் துடைத்து, மூடி, மறுபடி ஊமை. வலப்பக்க எண் கட்டத்திலும் ஒரு 7 இருக்கிறது என்பது பிறகே உறைத்தது. எண் பூட்டு (Num Lock) விசையை ஏற்றிவிட்டு அதை அழுத்தினேன்.

திரை ஒரு முறை அசைந்தது. கிரேக்க எழுத்துகளும் கோடுகளும் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் முழுசாக வந்து நின்றன. மூன்றாம் பக்கத்தில் நடுவில் 214/3, அதற்குக் கீழே 214/5, பக்கத்தில் ஏக்கரும் சென்ட்டும். மறுபடி 7, மறுபடி கோடு. இந்த ஒரு விசையை மட்டும் பத்துத் தடவையாவது அழுத்திப் பார்த்திருப்பேன். பிறகு மடிக்கணினிக்குத் திரும்பி, அசல் ஃப்ளாப்பியிலிருந்து புதிதாக நகலெடுத்து, 128-க்கு மேற்பட்ட பைட்டிலெல்லாம் 128-ஐக் கழிக்கும் நான்கு வரி நிரலை ஓட்டினேன். வந்த கோப்பின் அளவு அதே 18,432. அச்செடுத்த தாளை லிஸ்ட் திரையோடு வைத்து, ஒவ்வொரு சர்வே எண்ணாக ஒப்பிட்டேன். மாமாவின் வேலை அன்றோடு முடிந்தது. என்னால்தான் நிறுத்த முடியவில்லை.

அதே டப்பாவில் "குறள்" என்று எழுதிய ஃப்ளாப்பி ஒன்று கிடந்தது. தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், தமிழ் எழுத்துக்கு எண் கொடுக்கும் முறைகளில் ஒன்றான திஸ்கி குறியேற்றத்தில் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், மாமா குறட்பாக்களை மட்டும் தனியே பிரித்து வைத்திருக்கிறார். லிஸ்டில் திறந்தால் திரை முழுக்கக் கட்டம் போடும் கோடுகள். திஸ்கியில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு, மேல் பாதி தமிழுக்கு. டாஸின் மூல எழுத்துத் தொகுப்பிலோ 179 முதல் 218 வரை கோடுகளும் மூலைகளும் உட்கார்ந்திருக்கின்றன. நம் க, ங, ச வரிசை முழுவதும் அங்கேதான் விழுகிறது. "தமிழ்" என்ற சொல் திஸ்கியில் 190, 193, 162, 250 என்று நான்கே பைட். அதைப் பார்த்து 7 விசையை அழுத்தினேன் என்றால் 62, 65, 34, 122 ஆகி, ஒரு பெரிதுக் குறியும் ஆங்கில ஏ-வும் மேற்கோள் குறியும் சிறிய இசட்டும் கிடைத்தன. வேர்ட்ஸ்டாருக்கு மருந்தாக இருந்தது தமிழுக்கு நஞ்சு. திரையில் மட்டும் என்பதால் கவலையில்லை.

எழுத்துருவே இல்லாமல் தமிழில் தேட முடியுமா என்று பார்க்க ஆசை. டாஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண் கட்டத்தில் மூன்றிலக்க எண்ணை அடித்தால் அந்த பைட் அப்படியே உள்ளே போகும். லிஸ்டில் சாய்கோடு விசையால் தேடலைத் தொடங்கி 190, 193, 162, 250 என்று "தமிழ்" என அடித்தேன். இல்லை என்றது. எண்களைச் சரிபார்த்தேன், மறுபடி அடித்தேன், ஆல்ட் விசை பழுதோ என்று சோதித்தேன், கோப்பு பாதியில் வெட்டுப்பட்டதோ என்று கடைசி வரை உருட்டினேன். அரை மணி நேரம் கழித்துத்தான், பள்ளியில் தமிழாசிரியர் பெருமையாகச் சொல்வது ஞாபகம் வந்தது: திருக்குறளில் தமிழ் என்ற சொல்லே கிடையாது. கருவி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. 175, 196, 204 என்று "உலகு" தேடினேன். முதல் குறளின் கடைசிச் சொல்லில் போய் நின்றது. எஃப்3 அழுத்த அழுத்த அடுத்தடுத்த உலகுகள் வந்தன. ஒரு எச்சரிக்கை: திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளை வைப்பதால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு உள்ள சொற்களில் கொம்பை முதலில் அடிக்க வேண்டும்.

இதற்கு மேல் போனது வெறும் பிடிவாதம். விஜிஏ அட்டை உரைத் திரையில் நாம் கொடுக்கும் எழுத்து வடிவங்களை ஏற்றுக்கொள்ளும். ஒரு எழுத்துக்கு அகலம் 8 புள்ளி, உயரம் 16 புள்ளி, ஆக 16 பைட். மேல் பாதி 128 எழுத்துக்கும் 2,048 பைட். அவற்றை அட்டைக்கு ஏற்றும் கட்டளைகள் 18 பைட்டில் அடங்கின; மொத்த நிரல் 2,066 பைட். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுத்துகளை வரைந்து, மடிக்கணினியில் எண்ணாக்கி, ஃப்ளாப்பியில் கொண்டுவந்தேன். ஐந்து மாலைகள்.

முதல் ஓட்டத்தில் ப, ம, ய, வ எல்லாம் வலக்காலில் வீங்கிப் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டன. க, ச, த மட்டும் ஒழுங்காக நின்றன. வரைந்ததில் தவறில்லை. விஜிஏ உரைத் திரையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்பதாவது புள்ளி வரிசை ஒன்று உண்டு; பொதுவாக அது வெற்றிடம், ஆனால் 192 முதல் 223 வரையான எழுத்துகளுக்கு மட்டும் கட்டக் கோடுகள் இடைவெளியின்றி இணைவதற்காக எட்டாவது வரிசையை அங்கே அப்படியே நகலெடுக்கும். திஸ்கியில் 192 என்பது ப, 201 என்பது ன. இடையிலுள்ள எட்டும் அதே வலைக்குள். அந்த எழுத்துகளை எல்லாம் ஏழு புள்ளி அகலத்துக்குச் சுருக்கி மறுபடி வரைந்தேன். க, ச, த 192-க்குக் கீழே இருப்பதால் தப்பித்தன.

ஏழிலும் எட்டிலும் அடங்காதவை அடங்கவே இல்லை. மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் ஒரே புழுவாகத் தெரிந்தன. ஐ ஒரு கறுப்புக் கட்டி. ஆனாலும் முதல் குறளைத் திரையில் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது, மனப்பாடமாகத் தெரிந்ததால் எளிதாகவும் இருந்தது. எழுத்துரு ஏறிய நிலையில், வட்டிலுள்ள அடைவுகளைக் கிளைப் படமாகக் காட்டும் 'ட்ரீ' கட்டளை கொடுத்தபோது மாமா கூடச் சிரித்தார்: கிளைக் கோடுகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் ரலலல, ரலலல, கடைசியில் பலலல.

செலவு: யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் பழையது 1,150 ரூபாய், பத்துப் பழைய ஃப்ளாப்பி 400 (அதில் நான்கு உருப்படவில்லை), செல்களும் தாங்கியும் டயோடும் 130, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 160, வினிகர் வீட்டிலிருந்தது. மொத்தம் 1,840 ரூபாய்.

அடுத்த முறை ஃப்ளாப்பியைக் கோப்புக் கோப்பாக நகலெடுக்காமல், முதலில் முழு வட்டையும் பிம்பமாக எடுத்துவிட்டுத்தான் எதையும் திறப்பேன். படிக்காத ஒன்பது ஃப்ளாப்பிகளுக்கு, டிரைவின் தலையைத் துடைத்த பிறகு இன்னொரு வாய்ப்பும் கொடுப்பேன். மடிக்கணினியின் எடிட்டரை இந்தப் பக்கமே சேர்க்கமாட்டேன். எழுத்துருவில் ண, ஐ, ஔ இவற்றை இரண்டு கட்டங்களாகப் பிரிக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் கோப்பிலுள்ள ஒரு பைட்டைத் திரையில் இரண்டாக்க வேண்டும், அதை லிஸ்ட் செய்யாது. மாமாவோ அச்செடுத்த தாளை வாங்கி, 214/5-க்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். அந்த எண்ணை 1993-இலேயே தான் தப்பாக அடித்துவிட்டதாக இப்போது சந்தேகமாம், பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.